மிதவைக்கும் படகுக்கும் நடுவே ஒரு சாண்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாத சனிக்கிழமை. மதியம் இரண்டு மணி இருக்கும். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து, பஸ் நிற்கும் பெரிய சாலையை நோக்கி நான் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. கால்சட்டை இன்னும் காயவில்லை. உப்புத் தண்ணீர் தொடையில் அரித்தது. எனக்குப் பின்னால், கரையோரத் தகரக் கொட்டகையில், ஒலிபெருக்கியில் என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வருடத்தின் பாய்மரப் படகுப் பந்தயங்களில் முதலாவதாக வந்தவன் நான். பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓர் இடத்தை விட்டுக் கிளம்புவது எனக்குப் புதிதில்லை. கரங்கான் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். பதினான்கு வயதில், படிவம் இரண்டோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கோழிப்பண்ணை, லாரி கிளீனர், கார் கழுவும் கடை, கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் பெட்டி அடுக்கும் வேலை என்று சுற்றினேன். சில இடங்களில் போகச் சொன்னார்கள். சில இடங்களில் கால் நிற்கவில்லை, நானே போய்விட்டேன். ஆனால் ஜெயித்துவிட்டு ஓடியது அன்றைக்கு ஒரு நாள்தான்.

நான் நான்கு வருடம் தங்கிய ஒரே இடம் அந்தப் படகுக் கிளப். பெரிய கிளப் எல்லாம் இல்லை. பத்துப் பன்னிரண்டு சின்னப் படகுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் உட்காரலாம். சுங்கைப் பட்டாணியிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் டாக்டர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள் சனிக்கிழமைகளில் வருவார்கள். எங்கள் பக்கம் பள்ளிகளுக்கு விடுமுறை வெள்ளியும் சனியும்தான், ஞாயிறு இல்லை. படகுகளைக் கழுவ, பாய்களைக் காயப்போட, கிழிந்ததைத் தைக்க என்னை வைத்திருந்தார்கள். இரவில் கொட்டகையில் பாய்த்துணிகளுக்கு நடுவிலேயே படுத்துக்கொள்வேன். பார்த்துப் பார்த்து ஓட்டவும் கற்றுக்கொண்டேன்.

திக்காம் பத்துவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் தம் படகில் என்னைச் சுக்கான் பிடிக்கச் சொன்னார். அவர் முன்பக்கத்துச் சின்னப் பாயின் கயிற்றைப் பார்த்துக்கொள்வார். காற்று பலமாக அடித்துப் படகு சாயும்போது அவர் தொந்தியோடு வெளியே சாய்ந்து உட்கார்ந்தால் போதும், படகு நிமிர்ந்துவிடும். "சும்மா சிரிக்காத தம்பி, இது சோறு இல்ல, பேலன்ஸ்" என்பார்.

மழை விட்ட பிறகு டிசம்பரில் பந்தயங்கள் தொடங்கும். ஜெராய் மலைப் பக்கமிருந்து வடகிழக்குக் காற்று வரும். அது நிற்கும் மார்ச் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு பந்தயம். எல்லாப் பந்தயங்களின் புள்ளிகளையும் கூட்டிக் கடைசி நாளில் கோப்பை கொடுப்பார்கள்.

என் நண்பனை அங்கே கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். ஒரே தோட்டத்துப் பையன்கள் நாங்கள். அவன் படிவம் ஐந்து முடித்துவிட்டு ஹைடெக் பூங்காவில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் சும்மா மீன் பொரியல் சாப்பிட வா என்று கூப்பிட்டேன். வந்தவன் படகைப் பார்த்தான். அடுத்த சனி நான் கூப்பிடாமலே வந்தான். ஷிப்ட் முடிந்து தூங்காமல் நேராக மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பான். எப்படித் திருப்புவது, எப்போது கயிற்றை விடுவது என்று எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டான். நானும் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

எனக்கு மூன்று வருடம் பிடித்தது அவனுக்கு ஒரே வருடத்தில் வந்துவிட்டது. ஜெராய் உச்சியில் மேகம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்தே காற்று எப்போது மாறும் என்று சொல்லிவிடுவான். ஒரு மலாய் ஆசிரியை தம் படகை அவன் கையில் கொடுத்து, தாம் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டார். கையில் கயிறு அறுக்காமலிருக்க உறையும் வாங்கிக் கொடுத்தார். என் உள்ளங்கையில் நான்கு வருடத் தழும்பு இருந்தது. யாரும் அதைப் பார்த்ததில்லை. கிளப்பில் இங்கிலீஷில் கடிதம் எழுத வேண்டுமென்றால் அவனைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிட்டால் ஏதோ ஒரு படகில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும்போது வருகிறவர்கள் அவனோடுதான் பேசத் தொடங்குவார்கள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. எரிச்சல் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். பொறாமை என்ற சொல்லை நான் எனக்குப் பயன்படுத்தவே இல்லை.

ஒரு தடவை ஆற்றுவாயில் புதிதாக மணல் சேர்ந்து மேடாகியிருந்தது எனக்குத் தெரியும். தண்ணீர் வற்றும் நேரத்தில் அங்கே போனால் படகு தட்டி நின்றுவிடும். நான் அவனிடம் சொல்லவில்லை. அன்றைக்கு அவன் தட்டி நின்றான், கடைசியாக வந்தான். கரைக்கு வந்ததும் என்னிடம் ஓடி வந்து, "டேய், அந்தப் பக்கம் போயிடாத, மேடு தட்டுது" என்று சொன்னான். அப்போதும் எனக்கு அவன் மேல் கோபம்தான் வந்தது.

அந்த வருடம் கிளப்புக்கு ஒரு புது ஏற்பாடு வந்தது. பக்கத்துப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் படகு ஓட்டச் சொல்லிக்கொடுக்க நிரந்தரமாக ஓர் ஆள். மாதச் சம்பளம், கொட்டகைக்குப் பின்னால் கதவு போட்ட ஓர் அறை. முப்பத்திரண்டு வயதுவரை எனக்கென்று கதவு வைத்த அறை இருந்ததே இல்லை. பந்தயங்களை நடத்தும் மலாய்ப் பெரியவர், முன்பு மீன்பிடித்தவர், மாமா என்கிற மாதிரி எல்லாரும் பாக் சிக் என்று கூப்பிடுவோம், எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். இரண்டு பேரும் அவருடைய ஆட்கள், யாரையும் வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது, வருடக் கோப்பை யாருக்கோ வேலையும் அவருக்கு, காற்றே முடிவு பண்ணட்டும் என்றார். கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் எங்கள் இரண்டு படகுகளின் புள்ளியும் சமமாக இருந்தது.

இங்கே அந்த விளையாட்டின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கடலில் மூன்று இடங்களில் ஆரஞ்சு நிறக் காற்று மிதவைகளை நங்கூரம் போட்டு நிறுத்தியிருப்பார்கள். அவற்றைச் சுற்றி வர வேண்டும், தொடக்கூடாது. தொட்டுவிட்டால் படகை அங்கேயே ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுத்தான் மேலே போகலாம். அதுதான் தண்டனை. விசில் ஊத நடுவர் யாரும் பக்கத்தில் இருப்பதில்லை. தொட்டவன் தானே சுற்ற வேண்டும். தனக்குத் தெரியாமல் தொட்டிருந்தால், பார்த்தவன் கத்திச் சொல்வான், தொட்டவன் உடனே சுற்றுவான். நான் அவனுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்ததே இதுதான். நீ சுற்றாமல் போனால் ஒருத்தனாலும் உன்னைப் பிடிக்க முடியாது, அதனால்தான் சுற்றணும் என்று சொன்னேன். நான் சொன்னது அவ்வளவு நன்றாக இருந்தது என்று எனக்கே அன்றைக்குத் தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை காற்று விட்டு விட்டு அடித்தது. மூன்று சுற்றுப் பந்தயம். முதல் சுற்றில் நாங்கள் முன்னால், இரண்டாவதில் அவர்கள் முன்னால். கடைசிச் சுற்றின் கடைசி மிதவைக்கு வரும்போது அவன் படகு எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு படகு நீளம். மற்றவர்கள் எல்லாம் தூரத்தில். மிதவையைத் தாண்டினால் முடிவுக் கோடுவரை நேர் ஓட்டம், அவனை முந்த வழியே இல்லை.

அவன் திருப்பினான். திருப்பும்போது பாயின் அடிக்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசிக்கொண்டு வரும். அவனும் ஆசிரியையும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார்கள், நடுவில் பாய் மறைத்தது. அண்ணன் குனிந்து கயிற்றுச் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார். பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தது நான் ஒருத்தன் மட்டும்தான். கட்டையின் நுனி மிதவைக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அந்த ஒரு சாண் வழியாகக் கரையில் இருக்கும் தென்னை மரங்கள் எனக்குத் தெரிந்தன. அடுத்த நொடி அலையில் மிதவை ஆடியது.

"தொட்டுட்ட! சுத்து!" என்று கத்தினேன்.

இன்றைக்கும் நான் யோசிப்பதுண்டு, கொஞ்சமாவது அவன் தயங்கியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இல்லை என்று திருப்பிக் கத்தியிருக்கலாம். அவன் ஒரே ஒரு தடவை திரும்பி என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு உடனே சுக்கானைத் தள்ளிப் படகைச் சுற்றினான். பாய் படபடவென்று அடிக்க, ஆசிரியை தடுமாறிக் கயிற்றைப் பிடிக்க, அவன் முழு வட்டம் போட்டான். நாங்கள் அவர்களைத் தாண்டினோம். இரண்டு படகு நீளத்தில் ஜெயித்தோம்.

கரையில் அண்ணன் என்னைத் தூக்கப் பார்த்து, முடியாமல், கட்டிக்கொண்டார். நான்கு வருடமாக அவர் அந்தக் கோப்பைக்கு ஆசைப்பட்டவர். போனில் படம் எடுத்துக் கடைக்கும் வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தார். நான் பாயைச் சுருட்டுகிற மாதிரி குனிந்திருந்தேன். உரசின மாதிரிதானே இருந்தது, மிதவை ஆடியதே, ஆடாமலா இருந்தது என்று எனக்குள்ளேயே பேசிக்கொண்டேன். ஏறக்குறைய நம்பியும்விட்டேன். அப்போது நண்பன் வந்து ஈரக் கையோடு என் கையைப் பிடித்தான்.

"நல்லவேளடா, நீ சொன்ன. எனக்குத் தெரியவே இல்ல. சுத்தாம ஜெயிச்சிருந்தா அசிங்கமாப் போயிருக்கும்லா."

அவன் தட்டில் மீ கோரெங் நூடுல்ஸ் போட்டுக்கொள்ளப் போனான். நான் கொட்டகையின் பின்பக்கமாகப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டேன். யாரிடமும் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் நடக்கவில்லை. அந்த வேலையில் இருந்தால் அவன் சனிதோறும் வந்து இதே மாதிரி சிரிப்பான், அதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் ஆகாது, அவ்வளவுதான்.

பாதி வழியில் பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. அவன்தான். பக்கத்தில் நிறுத்தினான்.

"எங்கடா போற? பாக் சிக் மைக்குல தொண்ட கிழியக் கூப்பிடுறாரு. உனக்கு ரூம் சாவி குடுக்கணுமாம்."

நீயே வாங்கிக்கொள் என்றேன்.

"நான் ஏன்டா வாங்கணும்? வெயில் அடிச்சி மண்ட கலங்கிப்போச்சா?"

நான் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நீ தொடல."

"என்னது?"

"மிதவைய நீ தொடல. ஒரு சாண் தள்ளித்தான் போன. நான் பார்த்தேன்."

மோட்டாரை அணைத்தான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும் என்றும் நினைத்தேன். அவன் அடிக்கவில்லை.

"அப்புறம் ஏன்டா கத்துன?"

நிறையக் காரணங்கள் வைத்திருந்தேன். அறை, சம்பளம், நான்கு வருடம், உள்ளங்கைத் தழும்பு. வாயில் வந்தது ஒரே சொல்தான்.

"பொறுக்கல."

அவன் என் முகத்தைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. அது தூக்கமில்லாததாலா வேறெதனாலா என்று எனக்குத் தெரியாது. முந்தின நாள் இரவும் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவன் அவன்.

"இத ரோட்டுல வச்சி என்கிட்ட சொல்லி என்ன செய்ய? அங்க வந்து சொல்லு. ஏறு."

எல்லார் முன்னாலும் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றேன்.

"நான் எல்லார் முன்னாடியும்தான்டா சுத்துனேன்" என்றான். "ஏறு."

ஏறினேன். அவன் முதுகில் சட்டை ஈரத்தில் ஒட்டியிருந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே போன அந்த இரண்டு மூன்று நிமிடத்திலும், வேலை இனி இவனுக்குத்தான் போகும் என்ற எரிச்சல் எனக்குள் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொட்டகையில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாக் சிக்கிடம் போய் மலாயில் சொன்னேன். பொய்யாகக் கத்தினேன், அவன் தொடவில்லை, எங்கள் படகைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று. சத்தம் போடாமல்தான் சொன்னேன். ஆனால் மைக் அவர் கையிலேயே இருந்தது, அணைக்கவில்லை. பாதிப் பேர் கரண்டியை வைத்துவிட்டார்கள். பாக் சிக் மைக்கைக் கீழே வைத்தார். முடிவுகள் எழுதின தாளை எடுத்து எங்கள் படகின் மேல் கோடு போட்டார். பிறகு படகின் சொந்தக்காரர் என்பதால் கடைக்கார அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் ஒரு கையில் தட்டும் ஒரு கையில் கோப்பையுமாக நின்றுகொண்டிருந்தார். கோப்பையை மேசையில் வைத்தார்.

"ஊரு முழுக்க அனுப்பிட்டனே தம்பி" என்றார்.

எனக்கு அன்று விழுந்த பெரிய அடி அதுதான். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நண்பனுக்கு நான் செய்ததை மட்டும்தான் நான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு பாவமும் அறியாத இன்னொருவர் என் பொய்யில் அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்திருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கோப்பையையும் அறைச் சாவியையும் நண்பன் வாங்கினான். கை தட்டினார்கள், ஆனால் சத்தம் குறைவாக இருந்தது. அவனுடைய நாளையும் நான் கெடுத்திருந்தேன். நான் பையை எடுத்தபோது அவன் வாசல்வரை வந்தான். கை கொடுக்கவில்லை. கொஞ்ச நாளைக்குப் போன் பண்ணாதே, நானே பண்ணுகிறேன் என்றான். பண்ணுவதற்கு எட்டு மாதம் ஆயிற்று. பண்ணியபோது பிள்ளைகள் படகு ஓட்டும் படங்களையும் அனுப்பினான். அதைப் பார்த்தபோதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன்தான் தம் வேனில் என்னை ஏற்றிக்கொண்டார். ஏன் ஏற்றினார் என்று இன்றுவரை கேட்கவில்லை. வழியெல்லாம் அவர் போன் டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்தது, வாழ்த்துச் செய்திகள்தான். ஒரு சிவப்பு விளக்கில் நிறுத்தியபோது அதைக் கவிழ்த்து வைத்தார்.

"இப்ப எங்க போவ?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு செம்பனைக் குல வாங்குறாரு. குலயப் பார்த்துச் சொல்ல ஆளு இல்லாம அலையுறாரு. தோட்டத்துல பொறந்தவந்தான, பழம் தெரியும்ல?"

தெரியும் என்றேன். என்னை எப்படி அண்ணே நம்பி அனுப்புவீர்கள் என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "பொய் சொன்னாலும் சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கிற ஆளு ஒருத்தன் இருக்கான்னு சொல்றேன். காலைலயே ஒத்துக்கிற ஆளு கெடைக்கிறவரைக்கும் வச்சிக்கட்டும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. ஆனால் வெங்காய மூட்டைகள் அடுக்கின அவர் கடைப் பின்னறையில் எனக்குப் படுக்க இடம் கொடுத்தார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அந்த வேலையில் சேர்ந்தேன். சின்னத் தோட்டக்காரர்கள் லாரியிலும் வேனிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒவ்வொரு குலையையும் புரட்டிப் பார்த்துப் பழுத்தது, பழுக்காதது என்று நான் சொல்ல வேண்டும். பழுக்காததை அவர்கள் திருப்பி ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். அந்தக் குலையை வேறு யாரும் மறுபடி பார்ப்பதில்லை. முதலாளி எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் சொல்லி, கையில் ஒரு கொக்கிக் கம்பியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலில் வந்தவன் என் வயதுக்காரன். சொந்த நிலம், புது வேன், முன்சீட்டில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை. என்னைப் பார்த்து, "என்ன பாஸ், புதுசா?" என்று சிரித்தான். எனக்குள் அந்தப் பழைய எரிச்சல் ஏறியது, அதே மாதிரி. அவன் கொட்டிய முதல் குலை வெளியிலிருந்து பார்த்தால் காய் மாதிரி கறுப்பாக இருந்தது. காய் என்று சொல்லித் தள்ளிவிட்டால் ஒருத்தரும் கேட்கப் போவதில்லை. கம்பியால் புரட்டினேன். அடிப்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பழம் தானாக உதிர்ந்த குழிகள் இருந்தன, பழுத்ததற்கு அடையாளம் அதுதான்.

பழம் என்று சொன்னேன்.

பொறாமை அந்தச் சனிக்கிழமையோடு என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். ஆனால் கண் பார்த்ததற்கும் வாய் சொல்வதற்கும் நடுவில் அது எவ்வளவு வேகமாக வந்து நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால் இப்போதெல்லாம் எதையும் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.